லாக் ஃபைலில் கை வைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் அலுவலகங்களுக்கும் செம்பனை ஆலைகளுக்கும் கணினி வேலை பார்க்கிறேன். சில இடங்களில் இன்னும் சொந்த எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருள்) சர்வரில்தான் மெயில் ஓடுகிறது. போன வாரமும் அதே அழைப்பு: "அண்ணே, டிஸ்க் நிறைஞ்சு மெயில் நின்னுபோச்சு. பழைய லாக் எல்லாம் அழிச்சிட்டேன், டேட்டாபேஸ் இன்னும் ஏறமாட்டேங்குது."

எப்படி ஏறும்?

லாக் என்றதும் யார் எப்போது நுழைந்தார் என்ற குறிப்பு என்று நினைக்கிறார்கள். இது அதுவல்ல. வரும் மெயில் முதலில் லாக்கில் எழுதப்படும், பிறகுதான் டேட்டாபேஸுக்குப் போகும். செக்ரோலில் (எஸ்டேட் வருகைப் பதிவேட்டில்) அன்றாடம் பதிந்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவதில்லையா, அப்படித்தான். ஏற்றாத பக்கத்தைக் கிழித்தால் சம்பளம் எப்படிப் போடுவது?

ஒவ்வொரு லாக்கும் 1 எம்பி. ஞாயிறு முழு பேக்கப், வியாழன் டேட்டாபேஸ் டிஸ்க் போய்விட்டது என்றால், ஞாயிறு நகலை ஏற்றி லாக்குகளை வரிசையாக ஓட்டினால் வியாழன் வரை மீட்கலாம். நடுவில் ஒன்று இல்லையென்றால் அதோடு சரி. பழைய லாக்குகளைத் தானே அழித்துக்கொண்டு போகும் சர்குலர் லாகிங்கை யாராவது போட்டு வைத்திருந்தால் ஞாயிறோடு நின்றுவிடும்.

முழு பேக்கப் ஒழுங்காக முடிந்தால் சர்வரே பழைய லாக்குகளை நீக்கிக்கொள்ளும். டிஸ்க் நிறைகிறது என்றால் பெரும்பாலும் பேக்கப் ஓடவில்லை, அல்லது எக்ஸ்சேஞ்ச் இருப்பதே தெரியாத மென்பொருள் வெறும் வட்டு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. தேட வேண்டியது அதை.

லாக்கையும் டேட்டாபேஸையும் ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். முழு பேக்கப் குறைந்தது இரண்டு வைத்திருங்கள், பழையதிலிருந்து இன்றுவரை லாக் நகல்கள் அறுபடாமல் வேண்டும். புதிய நகல் கெட்டிருந்தால் அதுதான் கைகொடுக்கும். பேக்கப் டிஸ்க்கை சர்வரிலேயே செருகி வைத்தால், நம் ஊர் மின்னலுக்கு இரண்டும் சேர்ந்தே போகும்.

வருமான வரிக்கு 7 ஆண்டுக் கணக்கு வைக்கிறோமே, லாக்கும் அப்படியா என்று ஒரு பெரிய கிராணி (எஸ்டேட் தலைமை எழுத்தர்) கேட்டார். வேண்டாம் ஐயா. மெயிலைக் காப்பது தனி ஏற்பாடு, லாக் மீட்புக்கு மட்டும்.

அப்புறம், தயவுசெய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். பேக்கப் மென்பொருள் பச்சை டிக் காட்டுகிறதே என்று என்னிடம் சொல்லாதீர்கள்.