ஸ்டியரிங் தண்டின் நடுவே ஒரு ரப்பர் வட்டு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில், ஓட்டுநர் சுழற்றும் ஸ்டியரிங் தண்டுக்கும் முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் இடையே, உள்ளங்கையளவு ரப்பர் வட்டு ஒன்று இருக்கிறது. துணி இழைகள் பொதிந்த அந்த வட்டில் நான்கு துளைகள் உண்டு. எதிரெதிரான இரண்டு துளைகள் மேலிருந்து வரும் தண்டின் தகட்டோடும், அவற்றுக்குக் குறுக்கே அமைந்த மற்ற இரண்டும் பாக்ஸின் தண்டிலுள்ள தகட்டோடும் போல்ட்டால் பிணைக்கப்படுகின்றன. இரு தகடுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஓட்டுநரின் கைவிசை முழுவதும் ரப்பரின் வழியாகவே கீழே இறங்குகிறது. இந்த இணைப்பைத்தான் ஸ்டியரிங் கப்ளர் என்கிறோம்.

ரப்பரை நம்பியா காரைத் திருப்புவது என்று தோன்றலாம். கணக்கிட்டால் அச்சம் குறையும். விட்டம் 40 சென்டிமீட்டர் உள்ள ஸ்டியரிங் சக்கரத்தை இரு கைகளாலும் தலா 50 நியூட்டன் விசையுடன் திருப்பினால் 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கிறது. கப்ளரின் போல்ட்டுகள் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு பக்கத்து இரண்டு போல்ட்டுகளிலும் தலா 333 நியூட்டன், அதாவது சுமார் 34 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். துணி பொதிந்த நல்ல ரப்பர் இதை எளிதாகத் தாங்கும். சாலையின் அதிர்வு கைக்கு ஏறாமல் தடுப்பதும், இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாத சிறு பிசகைப் பொறுத்துக்கொள்வதும் அதன் வேலைகள். ஆகவே நெகிழ்வு இந்த உறுப்பின் குறை அன்று, அதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ரப்பருக்கு வயதாகும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் துண்டிக்கிறது; இழுவிசை விழும் போல்ட் துளையோரங்களில் முதல் விரிசல் தெரியும். பாக்ஸின் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். இத்தகைய வட்டுக்கு மாற்றாக வேறு நிறுவனங்கள் விற்பவற்றில் பாலியூரித்தேன் கப்ளர்கள் பரவலானவை; பாலியூரித்தேன் என்பது ரப்பர்போல் நெகிழும் ஒரு செயற்கைப் பொருள். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இவ்வகைப் பொருள், எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் இயற்கை ரப்பரைவிட நன்றாக ஈடுகொடுக்கிறது. கூடுதல் விறைப்பாகவும் வார்க்க முடிகிறது. வட்டு ஒரு பாகை முறுக்கிக்கொண்டால் ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பு 3.5 மில்லிமீட்டர் வீணாக நகரும் என்பதால், விறைப்பான கப்ளர் போட்டவுடன் கார் சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் இருப்பது உண்மைதான். அதே விறைப்பு அதிர்வையும் கைக்கு அனுப்பும், தண்டுகளின் பிசகையும் குறைவாகவே பொறுக்கும். மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு நல்ல தரமான ரப்பர் வட்டே போதும் என்பது என் கருத்து.

தண்டுகளுக்கு இடையே கோணம் பெரிதாக இருந்தால் இரண்டு வகை வட்டுகளும் உதவா. அங்கே கோணத்தில் நிற்கும் இரு தண்டுகளைச் சிலுவை வடிவத் துண்டால் இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் வேண்டும். அதற்கும் ஒரு குணம் உண்டு. 30 பாகைக் கோணத்தில் ஒற்றை ஜாயின்ட்டைச் சீராகச் சுழற்றினாலும், மறுமுனையின் வேகம் ஒரு சுற்றுக்குள் இருமுறை 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். இதனால் ஒரே அளவு கைத்திருப்பத்துக்கு முன்சக்கரம் ஓரிடத்தில் கூடுதலாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் திரும்பும்.

கப்ளரைக் கழற்றுமுன், ஆட்டம் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இலேசாக இருபுறமும் அசைக்க, மற்றொருவர் கீழிருந்து இரண்டு தகடுகளையும் கவனிக்கட்டும். மேல்தகடு நகர்ந்து கீழ்த்தகடு தாமதித்தால் குற்றம் கப்ளரில். இரண்டும் ஒன்றாக நகர்ந்தும் முன்சக்கரம் அசையாவிட்டால் பாக்ஸிலோ, பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்குச் செல்லும் டை ராடிலோ. பாக்ஸின் தேய்மானத்தை மறைக்கப் புதிய கப்ளர் வாங்குவது வீண் செலவு.

பீட்டிலில் கப்ளர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருப்பதால் கை நுழைவதே கடினம். ஸ்டியரிங் இருக்கும் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றியோ டேங்கைக் கழற்றி எடுத்தோதான் வேலை செய்ய முடியும். பேட்டரி இணைப்பை நீக்கி, சக்கரங்களை நேராக நிறுத்தி, தகடுகளும் தண்டுகளும் சேரும் இடங்களில் பெயின்ட்டால் கோடிட்டுக்கொள்ள வேண்டும். தண்டின் நுனியிலுள்ள பற்களில் ஒன்று தப்பிப் பொருந்தினாலும் ஸ்டியரிங் சக்கரம் சாய்ந்து நிற்கும். அதைச் சரிசெய்ய டை ராடுகளை முறுக்குபவர்கள் உண்டு. அது தவறு, ஏனெனில் பாக்ஸின் பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தியிருக்கும், அந்த நடு இப்போது நேர்ப்பாதையிலிருந்து விலகிவிடும். இறுகிப்போன தண்டைச் சுத்தியலால் அடிக்கவும் கூடாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி 1968 முதல், மோதலில் மடங்கிக்கொடுக்கும் தண்டுகள் கார்களில் வந்துவிட்டன. அவற்றின் மடங்கும் பகுதி பலமான அடியில் சிதையக்கூடும்.

புதிய வட்டு பழையதைவிடத் தடிமனாக இருந்தால், போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டை நசுக்கியோ இழுத்தோ பொருத்தினால் அந்த விசை பாக்ஸின் பேரிங்குகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஹாரனையும் மறந்துவிடக் கூடாது: பீட்டிலில் ஹாரன் பொத்தான் இணைப்பது எர்த்தை, அதாவது காரின் உடல் வழியாக மின்சாரம் திரும்பும் பாதையை; அந்த மின்னோட்டம் வட்டைத் தாண்டிச் செல்ல ஒரு கம்பி இருக்கிறது. பாலியூரித்தேனும் மின்சாரம் கடத்தாது என்பதால், கம்பியை மீண்டும் பூட்டாவிட்டால் ஹாரன் ஊமையாகிவிடும்.

நட்டுகள் புதிய சுயபூட்டு வகையாக இருக்கட்டும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை திருப்பி, போல்ட் தலை எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்த பிறகே சாலைக்குப் போகலாம். துளைகளில் உலோகக் குழல் உள்ள கப்ளர்களில் போல்ட்டின் இறுக்கத்தை உலோகம் தாங்கும். குழல் இல்லாதவற்றில் பாலியூரித்தேன் அழுத்தத்தால் மெல்லத் தளர்ந்துகொண்டே போகும். ஆகவே வாங்கும்போதே துளைக்குள் குழல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.