மிரர் போர்ட் சொன்ன பொய்

கணக்குப் பிரிவின் மென்பொருள் தவழ்கிறது, நெட்வொர்க்கைப் பாருங்கள் என்று ஓர் அலுவலகத்தில் அழைத்தார்கள். கணினிகளை இணைக்கும் சுவிட்ச்சில் மிரர் போர்ட் (மற்ற போர்ட்களில் ஓடுவதன் நகலைத் தரும் போர்ட்) அமைத்து, அதில் மடிக்கணினியைச் செருகி, அந்த நகலைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தேன். திரை முழுக்கக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள். ஏறக்குறைய ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவுத் துண்டும், மறுபடி அனுப்பப்பட்டதாகக் காட்டியது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவர்கள் அப்போதே புது சுவிட்ச் வாங்கும் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு உறுத்தியது நேர இடைவெளி. முதல் பாக்கெட்டுக்கும் அதன் 'மறு அனுப்பலுக்கும்' இடையே 4 மைக்ரோ விநாடிதான். பாக்கெட் தொலைந்துபோனது அனுப்பியவருக்குத் தெரியவே அதைவிட நேரமாகும். ஒப்புதல் வராமல் காலக்கெடு முடிந்து மறுபடி அனுப்புவதென்றால் லினக்சில் வழக்கமாக 200 மில்லி விநாடிக்குக் குறையாது. இரண்டையும் விரித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஐபி அடையாள எண் (அனுப்பும் கணினி பாக்கெட்டுக்கு இடும் எண்) 18975, டிடிஎல் (இன்னும் எத்தனை ரூட்டர்களைக் கடக்கலாம் என்ற வரம்பு) 64. உண்மையான மறு அனுப்பலில் அந்த அடையாள எண் பெரும்பாலும் மாறியிருக்கும். இது ஒரே பாக்கெட், இரண்டு நகல்.

தவறு என்னுடையது. ஒரு வீலேன் (சுவிட்ச்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) முழுவதையும் இரு திசையிலும் நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரு போர்ட்டில் நுழைந்தபோது ஒரு நகல், இன்னொன்றில் வெளியேறியபோது ஒரு நகல். உள்வரவை மட்டும் நகலெடுக்கும்படி மாற்றியதும் சிவப்பு மறைந்தது. சர்வர் கேள்வியைப் பெற்றதாக உடனே ஒப்புதல் அனுப்பிவிட்டு, 3 விநாடி கழித்துத்தான் பதில் தந்தது தெரிந்தது. தாமதம் சர்வருக்குள்ளே இருந்தது. புது சுவிட்ச் வாங்கியிருந்தாலும் மென்பொருள் தவழ்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இரட்டிப்பாவது போல, குறைவதும் உண்டு. 1 கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டில் போக 600, வர 600 மெகாபிட் ஓடினால் மிரருக்கு வரும் நகல் 1200. மிரர் போர்ட்டும் 1 கிகாபிட்தான் என்றால் மிச்சத்தை சுவிட்ச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். ஐந்து நிமிடச் சராசரி வரைபடம் இதைக் காட்டாது. நொடிக்கும் குறைவான நெரிசலே போதும். வயர்ஷார்க் ஒரு குறிப்பு தரும்: வராத பாக்கெட்டுக்கு எதிர்முனை ஒப்புதல் அனுப்பியிருக்கிறது என்று. எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நம் நகல்தான் விழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இந்தக் குறிப்பைப் படிக்காமல் 'பாக்கெட் இழப்பு' என்று அறிக்கை எழுதுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேபிள் கோளாறைத் தேடி மிரரில் உட்காருவது வீண். கெட்டுப்போன ஃப்ரேம்களை (கேபிளில் பாக்கெட்டைச் சுமக்கும் உறைகளை) பெரும்பாலான சுவிட்ச்கள் வாசலிலேயே கழித்துவிடும். போர்ட்டின் சிஆர்சி எண்ணிக்கையை (பிழைச் சரிபார்ப்பில் தோற்ற ஃப்ரேம்களின் கணக்கை) பார்த்தால் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். மிரர் போர்ட்டில் விழுவது பிறருடைய உரையாடல். கோப்பு அனுப்பும் எஃப்டிபி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் டெல்நெட் போன்ற, எதையும் மறைக்காத பழைய முறைகள் இன்னும் ஓடும் இடங்களில் கடவுச்சொல் அப்படியே எழுத்தெழுத்தாகத் தெரியும். அதனால் எழுத்தில் அனுமதி வாங்காமல் நான் தொடங்குவதில்லை. தலைப்புத் தகவல் (யாரிடமிருந்து யாருக்கு என்பது போன்றவை) போதுமென்றால் பாக்கெட்டுக்கு முதல் 128 பைட் மட்டும் பதிவு செய்கிறேன். மிரர் அமைக்கும்போதே அந்தப் போர்ட்டின் விளக்கத்தில் என் பெயரையும் நீக்க வேண்டிய தேதியையும் எழுதிவிடுகிறேன். ஒரு முறை வேறோர் இடத்தில், யார் எப்போது அமைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாத ஒரு மிரர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கேபிள் வரவேற்பறை மேசையின் கீழே, எதிலும் செருகப்படாமல் கிடந்தது.