அமெரிக்காவில் நிதி அமைப்பின் தலைவரை செனட் எப்படி ஏற்கிறது?

நம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குப் புதுத் தலைவர் வருகிறார் என்றால் நமக்கு அது ஒரு செய்திக் குறிப்பாகத்தான் தெரியவரும். தேடல் குழு பெயரைப் பரிந்துரைக்கும், அமைச்சரவையின் நியமனக் குழு ஒப்புதல் தரும், ஆணை வெளியாகும். நாடாளுமன்றத்தை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அதிபர் ஒரு பெயரை அறிவித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார். மீதிப் பாதி, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் கையில்.

உயர் அதிகாரிகளை அதிபர் முன்மொழிந்து, செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி.யின் 5 ஆணையர்கள், மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 7 ஆளுநர்கள், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின் இயக்குநர் என எல்லோரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் சபைக்கு இதில் வேலை இல்லை. 100 பேர் கொண்ட செனட் மட்டும்தான்.

பெயர் வந்ததும் நேரே ஓட்டுக்குப் போகாது. முதலில் செனட்டின் வங்கிக் குழு பார்க்கும். எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை ஒரு பக்கம் நடக்கும். சொத்து, பங்கு, கடன், பழைய சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கும் படிவம் இன்னொரு பக்கம். இந்தப் படிவத்தைச் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். வங்கிகளைக் கண்காணிக்கப் போகிறவரிடம் வங்கிப் பங்கு இருந்தால், எதை எப்போது விற்பேன் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்புறம் விசாரணை நாள். பார்ப்பதற்குப் பாதி நீதிமன்றம், பாதி குடும்ப விசேஷம். முன்மொழியப்பட்டவர் மேஜைமுன் தனியாக உட்கார்ந்திருப்பார். பின்வரிசையில் குடும்பத்தார் வந்திருப்பார்கள், அவர்களை அறிமுகம் செய்துவைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் பேசவே தொடங்குவார். வலது கையை உயர்த்தி, உண்மையைச் சொல்வேன் என்று உறுதிமொழி எடுப்பார். வங்கிக் குழுவில் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: செனட் குழு அழைக்கும்போதெல்லாம் வந்து சாட்சி சொல்வீர்களா? ‘சொல்வேன்’ என்று பதிவாகிவிடும். என்னைக் கேட்டால் அன்று நடப்பதில் உருப்படியானது இதுதான். மற்றபடி கேட்கிறவர் டி.வி.க்காகக் கேட்பார், பதில் சொல்கிறவர் மாட்டிக்கொள்ளாமல் பேசப் பார்ப்பார். உண்மையான துருவல், விசாரணை முடிந்தபின் எழுத்தில் அனுப்பும் கேள்விகளில்தான் இருக்கும்.

குழுவின் வாக்கெடுப்பிலேயே தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. 2022-இல் ஃபெடரல் ரிசர்வில் வங்கிக் கண்காணிப்புக்கான துணைத் தலைவர் பதவிக்கு சாரா புளூம் ராஸ்கின் பெயரை அதிபர் பைடன் அனுப்பினார். செனட்டில் அப்போது இரு தரப்பும் 50-50, வங்கிக் குழுவில் 12-12. எதிர்த்து ஓட்டுப் போடக்கூட வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரியில் நடக்க இருந்த வாக்கெடுப்புக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் 12 பேரும் வரவில்லை. கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை இல்லை, கலைந்தது. மார்ச்சில் நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், ஆளும் கட்சிக்காரராக இருந்தும், ஆதரிக்க மாட்டேன் என்றார். ராஸ்கின் விலகிக்கொண்டார்.

குழுவைத் தாண்டினால் முழு அவை. இங்கே இரண்டு ஓட்டு: விவாதத்தை முடிக்கலாமா என்று ஒன்று, ஆளை ஏற்கலாமா என்று இன்னொன்று. முதல் ஓட்டுக்கு முன்பெல்லாம் 60 பேர் வேண்டும். 41 பேர் கைகோத்தால் எந்தப் பெயரையும் நிறுத்திவைத்துவிடலாம். 2013 நவம்பரில் இதை மாற்றி, சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று ஆக்கினார்கள். சமமாக விழுந்தால் துணை அதிபரின் ஓட்டு முடிவு செய்யும். 2022-இல் லிசா குக் ஃபெடரல் ரிசர்வுக்குப் போனது அப்படித்தான், 51-50.

சரி, ஒரு பதவிக்கு இவ்வளவு இழுபறி எதற்கு? சண்டை பெரும்பாலும் ஆளோடு இல்லை, ஆள் உட்காரப் போகிற அலுவலகத்தோடு. இதற்கு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் இந்தப் பணியகத்தை உருவாக்கியது. வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு, சம்பளத்தை நம்பி வாங்கும் குறுங்கடன், கடன் வசூல் ஏஜென்சிகள் எல்லாம் இதன் பார்வையில் வரும். எஸ்.இ.சி. மாதிரி ஐந்து பேர் ஆணையம் கிடையாது. ஒரே இயக்குநர், 5 ஆண்டுப் பதவி. பணமும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட்டிலிருந்து வராது, ஃபெடரல் ரிசர்விலிருந்து வரும். ஆகவே, பிடிக்கவில்லை என்றால் நிதியை வெட்டுவோம் என்று ஆண்டுதோறும் மிரட்ட வழியில்லை. செனட்டர்கள் கையில் மிச்சமிருந்த ஒரே கடிவாளம், இயக்குநருக்கு ஒப்புதல் தருவதும் தராததும்தான்.

அதை அவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். 2011 மே மாதம் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 44 பேர் அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே இயக்குநருக்குப் பதிலாக ஒரு குழு வேண்டும், நிதி காங்கிரஸ் வழியாக வர வேண்டும், வங்கிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இதில் ஒரு சொல் வேண்டும், அதுவரை யார் பெயர் வந்தாலும் ஏற்க மாட்டோம் என்பதே சாரம். கவனியுங்கள், அப்போது பெயரே அனுப்பப்படவில்லை. யார் என்று தெரிவதற்கு முன்பே ‘வேண்டாம்’ தயாராகிவிட்டது.

ஜூலையில் ரிச்சர்ட் கார்ட்ரே பெயர் போனது. ஓஹியோ மாநிலத்தின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்), டி.வி. வினாடி வினாவில் ஐந்து முறை ஜெயித்தவர். தகுதி பற்றிப் பெரிதாகக் குறை சொன்னவர் யாருமில்லை. டிசம்பர் 8 அன்று விவாதத்தை முடிக்கும் ஓட்டு 53-45. அன்றைய கணக்குக்கு 60 வேண்டும். பெரும்பான்மை இருந்தும் தோல்வி.

இதனால் சாமானியருக்கு என்ன நஷ்டம் என்றால், இயக்குநர் இல்லாதவரை இந்தப் பணியகத்தின் அதிகாரத்தில் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய வங்கிகளைச் சோதிக்கும் அதிகாரம் பழைய அமைப்புகளிடமிருந்து கைமாறி வந்தது, அதைச் செலுத்தலாம். வங்கி அல்லாத குறுங்கடன் கடைகளுக்குள் போய்க் கணக்கைப் பார்க்கும் புது அதிகாரத்துக்கு மட்டும் இயக்குநர் நாற்காலியில் ஆள் இருந்தாக வேண்டும். ஏழைகள் அதிகம் போவது அந்தக் கடைகளுக்குத்தான்.

2012 ஜனவரி 4 அன்று ஒபாமா குறுக்கு வழி எடுத்தார். செனட் விடுமுறையில் இருக்கும்போது அதிபர் தற்காலிகமாக நியமிக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. செனட்டோ மூன்று நாளுக்கு ஒருமுறை கூடிக்கொண்டிருந்தது. கூட்டம் என்றால், ஒருவர் வந்து சுத்தியலைத் தட்டிவிட்டுப் போவது, அவ்வளவுதான். இது விடுமுறையே என்று அறிவித்து கார்ட்ரேயை நியமித்தார். அதே நாளில் தொழிலாளர் வாரியத்துக்குச் செய்த நியமனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2014 ஜூனில் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள். கார்ட்ரே தப்பித்தார், ஏனென்றால் 2013 ஜூலையில் செனட் அவரை 66-34 என்று ஏற்றுவிட்டது. அதற்கு முன்னால் போட்ட கையெழுத்துகளையெல்லாம் அடுத்த மாதமே அவர் மறுபடி உறுதி செய்து அறிவிப்பு வெளியிட்டார்.

இப்போது அந்தக் குறுக்கு வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. அதற்குப் பதில் இன்னொரு வழி அகலமாகியிருக்கிறது: பொறுப்பு இயக்குநர். 1998-ஆம் ஆண்டின் காலிப் பதவிகள் சட்டப்படி, வேறொரு பதவிக்கு செனட் ஏற்ற ஒருவரை இங்கே பொறுப்பில் உட்காரவைக்கலாம். பொதுவாக 210 நாள் வரை. ஆனால் நிரந்தரமாக வர ஒருவர் பெயர் செனட்டில் நிலுவையில் இருந்தால் அந்தக் கெடு ஓடாது. பொறுப்பில் இருப்பவர் தொடரலாம்.

2017 நவம்பரில் கார்ட்ரே விலகினார். போகும்போது லியாண்ட்ரா இங்கிலிஷைத் துணை இயக்குநர் ஆக்கினார். துணை இருந்தால் அவரே பொறுப்பு என்பது டாட்-ஃபிராங்க் சட்டத்தின் வாசகம். அதிபர் டிரம்ப்போ தன் பட்ஜெட் அலுவலகத் தலைவர் மிக் மல்வேனியை அனுப்பினார். திங்கட்கிழமை காலை ஒரே நாற்காலிக்கு இருவர். இங்கிலிஷ் ஊழியர்களுக்குப் பொறுப்பு இயக்குநர் என்று கையெழுத்திட்டு மின்னஞ்சல் அனுப்பினார். மல்வேனி கையில் டோனட் பையோடு அலுவலகம் வந்து சேர்ந்தார். மறுநாள் நீதிமன்றம் மல்வேனி பக்கம் நின்றது. அவருடைய கெடு முடியும் தறுவாயில், 2018 ஜூனில், கேத்தி கிரானிங்கர் பெயர் செனட்டுக்குப் போனது. அதனால் மல்வேனி டிசம்பர் வரை தொடர்ந்தார். கிரானிங்கர் 50-49 என்று மயிரிழையில் தேறினார்.

2020-இல் உச்ச நீதிமன்றம், இந்த இயக்குநரை அதிபர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று 5-4 தீர்ப்பளித்தது. பைடன் காலத்தில் 50-48 ஓட்டில் வந்த ரோஹித் சோப்ராவை 2025 பிப்ரவரி 1 அன்று டிரம்ப் நீக்கியது அந்தத் தீர்ப்பின் தைரியத்தில்தான். சில நாளில் பட்ஜெட் அலுவலகத் தலைவர் ரசல் வோட் பொறுப்புக்கு வந்தார். (பெயரே வோட், இந்தப் பதவிக்காக ஓட்டு நடக்கவே இல்லை.) நிரந்தரப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜோனதன் மெக்கெர்னனை வங்கிக் குழு ஏற்றும், மே மாதம் அவரை நிதித் துறைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். நவம்பரில் ஸ்டூவர்ட் லெவன்பாக் என்று இன்னொரு பெயர் செனட்டுக்குப் போனது. பெயர் நிலுவையில் இருக்கும்வரை வோட் தொடரலாம். லெவன்பாக் வேலை பார்த்துவந்த இடம், வோட் தலைவராக இருக்கும் அதே பட்ஜெட் அலுவலகம்.