கட்டடம் நம்ம தெருவில், வேலை யாருக்கு?

வட சென்னையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது சாரம் கட்டியிருக்கிறது. 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்த வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைத்தபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் தளங்களில் பொறியாளராக இருக்கிறேன். அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலை, இல்லாவிட்டால் டெப்ரிஸ் (இடிபாடு) அள்ளும் வேலை.

வடமாநிலத்தவர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள் கம்பி கட்டவும் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கவும் கற்றவர்கள். தளத்து ஷெட்டிலேயே தங்கி ஒரே செட்டாக வேலை செய்கிறார்கள். நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நாம் எப்போது இடம் கொடுத்தோம் என்பதுதான் என் கேள்வி.

பழைய பிளாக்கை இடிப்பதற்கு முன் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்கிறோம். கருணைத் தொகை 24,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, வாடகை எங்கே குறைவோ அங்கே போய்விடுகிறார்கள். ஆக, வேலை நடக்கும் காலத்தில் உள்ளூர் ஆட்களே உள்ளூரில் இல்லை. பயிற்சி முகாம் என்று ஒன்று நடந்தாலும், அது கான்கிரீட் பாதி ஏறிய பிறகு வருகிறது. கம்பி கட்டுகிறவர் அஸ்திவாரத்திலேயே தேவைப்படுகிறார். அவருக்குப் பயிற்சி இடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காலி செய்யும் நாளில், திரும்ப வீடு பெறுவதற்கான டோக்கன் கொடுக்கும்போதே, வீட்டில் யாருக்கு என்ன வேலை தெரியும், யார் கற்க விரும்புகிறார் என்று போன் நம்பரோடு எழுதி வாங்கலாம். அதற்கு ஒரு மேசையும் நோட்டும் போதும்.

பிளம்பிங், வயரிங், டைல்ஸ் இதெல்லாம் பின்னால் வருபவை. கட்டடம் எழும்புகிற மாதங்கள் முழுக்கப் படிக்க நேரம் இருக்கிறது. அப்புறம், குடியேறிய பிறகும் மோட்டார் ரிப்பேர், பைப் கசிவு, லிஃப்ட் என்று வேலை ஓயாது. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே ஒப்படைக்கிறார்கள். அந்தப் பராமரிப்புப் பணம் அதே பிளாக்கில் இருக்கும் பிளம்பருக்குப் போகட்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இருபது வயதில் சித்தாளாகக் கலவைச் சட்டி தூக்கியவர், ஐம்பதிலும் அதே சட்டியைத்தான் தூக்குகிறார். பூச்சு வேலையை இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர் கையில் யாரும் கொத்துக் கரண்டியைக் கொடுப்பதில்லை. டைல்ஸும் பெயிண்டிங்கும் முதலில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இதற்குப் பணம் இல்லாமல் இல்லை. கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்றே வசூலாகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே உள்ள தையூரில் பயிற்சி உண்டு. கூலி இழப்புக்காகத் தினம் 800 ரூபாய் தருவதாகவும் அறிவித்தார்கள். ஆனால் பதிவு இல்லாதவர் அந்தப் பக்கமே போக முடியாது. வாட்ச்மேனாகவோ சித்தாளாகவோ தளத்தில் இருப்பவர்கள், கான்ட்ராக்டரிடம் வேலைச் சான்று கேட்டு வாங்கி உடனே பதிந்துவிடுங்கள்.

உங்கள் பகுதியில் அடுத்த பிளாக்கை இடிப்பதாகக் கூட்டம் போட்டால், வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். டெண்டரில் உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை இடம், எந்தெந்த வேலையில், பயிற்சி எந்த மாதம் என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், என்னைப் போன்ற தளப் பொறியாளரால் சிபாரிசு மட்டும்தான் செய்ய முடியும்.