ஆதரவு வாபஸா, பராமரிப்பு நிறுத்தமா?

எதிர்வீட்டுத் தமிழையா 2025 அக்டோபர் கடைசியில் ஒருநாள் காலையில் நாலாக மடித்த செய்தித்தாளோடு வந்து நின்றார். "தம்பி, நம்ம கம்ப்யூட்டருக்கு ஆதரவு இல்லைன்னு போட்டிருக்கானே, இனிமே அதை ஆன் பண்ணலாமா, கூடாதா?" விசாரித்தால், பத்து நாளாக மனிதர் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறார். பேத்தியின் பிறந்தநாள் படங்கள் முழுக்க அதில்தான், தொட்டால் போய்விடுமோ என்று பயம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். "விண்டோஸ் 10க்கு ஆதரவு வாபஸ்" என்று தலைப்பு. படித்ததும் எனக்கே, எத்தனை எம்எல்ஏக்கள் கடிதம் கொடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

இந்த 'ஆதரவு' என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு, 2020இல் விண்டோஸ் 7க்கு, இப்போது 10க்கு என்று ஒவ்வொரு முறையும் இதே சொல், ஒவ்வொரு முறையும் இதே குழப்பம். அதனால் இந்தத் தடவை எழுதியே விடுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடலாம். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான (இயங்குதளம் என்பார்கள்) விண்டோஸ் 10, 2015 ஜூலை 29 அன்று வெளிவந்தது. அதற்கு, 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் இலவசத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவர்கள் திருத்தங்களை வெளியிடுவது வழக்கம், நம் ஊர்க் கணக்கில் அது இரவு பத்தரை பதினொன்றரை ஆகிவிடும். அக்டோபர் 14 அப்படி ஒரு செவ்வாய்தான். மற்றபடி கணினி ஆன் ஆகும், ஓடும், படம் காட்டும், அச்சடிக்கும். ஒன்றும் அழியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். நாம் 'ஆதரவு' என்று மொழிபெயர்க்கிற சப்போர்ட் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அடியிலிருந்து தாங்கிச் சுமப்பது என்பது மூலப்பொருள். நம் 'ஆதரவு' வடமொழி 'ஆதர'விலிருந்து வந்தது, அதற்கு மதிப்பு, அன்பு, பரிவு என்று பொருள். தாங்குவது என்ற பொருளில் வடமொழியில் இருப்பது வேறு சொல், 'ஆதார'. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'த' என்பதால் அண்ணன் தம்பி போலத் தெரிகின்றன, வேர்கள் வேறு. (பர்ஸில் வைத்திருக்கிறோமே ஆதார் அட்டை, அது இந்த இரண்டாவது குடும்பம்.) நெல்லுக்கான விலையை ஒரு தாளில் 'ஆதார விலை' என்றும் இன்னொரு தாளில் 'ஆதரவு விலை' என்றும் போடுகிறார்களே, அந்தக் குழப்பத்தின் அடி இங்கேதான் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே பக்கத்து வீட்டுச் சொல்லைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்கிறேன்.

வேரை வைத்து மட்டும் ஒரு சொல்லைத் தள்ளிவிட முடியாது, தெரியும். புழக்கம்தான் பெரிது. அந்தப் புழக்கத்தையே பார்ப்போமே. தமிழில் ஆதரவு என்றால் யாருக்கு என்ன தோன்றும்? தேர்தலில் ஆதரவு. வாய்விட்டு அழுகிறவரின் தோளில் கைபோட்டு ஆதரவாக நாலு வார்த்தை. பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கு ஆதரவற்றோர் இல்லம். மூன்றிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், மனசு இருக்கிறது. 'ஆதரவை விலக்கிக்கொண்டார்கள்' என்றால் கோபித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம், 'ஆதரவில்லாமல் நிற்கிறது' என்றால் இனி நடுத்தெரு என்று அர்த்தம். ஐயா துண்டைப் போர்த்தி வைத்ததில் தப்பே இல்லை. அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், தலைப்பு சொன்னதை அப்படியே புரிந்துகொண்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. விற்ற நிறுவனம் ஓட்டைகளை அடைத்துக்கொடுப்பது ஒன்று. போன் போட்டால் ஆள் எடுத்துப் பதில் சொல்வது ஒன்று. இந்த மென்பொருள் இந்த இயந்திரத்தில் ஓடும் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆதரவு' என்று போடுவதால்தான், "உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஆதரிக்கவில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது, மேலும் விவரங்களுக்கு ஆதரவைத் தொடர்புகொள்ளவும்" என்கிற மாதிரி வாக்கியங்கள் நடமாடுகின்றன. இதை எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். முதல் ஆதரவு 'ஓடாது', இரண்டாவது 'பராமரிப்பு', மூன்றாவது 'உதவி மையம்'. தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் கைவசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் என்பது அவர்கள் பிரச்சினை, அதை நாம் ஏன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

இப்படி மூன்றாகப் பிரிப்பது எனக்குப் பிடித்துப்போய்ச் செய்வது இல்லை, இந்த விண்டோஸ் 10 விஷயத்திலேயே அது தேவைப்படுகிறது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதில் புது வசதிகள் வராது, கூப்பிட்டுக் கேட்க ஆள் கிடையாது, திருத்தம் மட்டும் வரும். இதை 'ஆதரவு' மொழியில் சொல்லிப் பாருங்கள்: ஆதரவு முடிந்தது, நீட்டிக்கப்பட்ட ஆதரவு உண்டு, ஆனால் ஆதரவு கிடையாது! 'இலவசப் பராமரிப்பு முடிந்தது, பதிந்துகொண்டால் இன்னும் ஓராண்டு திருத்தம் வரும், போன் உதவி கிடையாது' என்றால் சந்தேகம் எங்கே வரும்?

இதற்குப் போட்டியாக உலவும் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'காலாவதி' ஒன்று. மாத்திரை அட்டையிலும் பிஸ்கட் பொட்டலத்திலும் பார்க்கிற சொல், அதனால் எல்லோருக்கும் சட்டென்று புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. காலாவதியான மாத்திரை தானே கெடுகிறது, தூக்கிப் போட வேண்டும். மென்பொருள் ஊசிப்போவதில்லை. அதிலுள்ள ஓட்டைகள் விற்ற நாள் முதலே உள்ளே இருப்பவை, நேற்று வரை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அடைத்தார்கள், இனிமேல் கண்டுபிடிக்கப்படுபவை அடைபடாது, அவ்வளவுதான். 'ஆயுள் முடிந்தது' என்பது இன்னும் மோசம், கேட்டால் சொல்லி அனுப்பத் தோன்றுகிறது.

தூய தமிழ் நண்பர் ஒருவர் 'தாங்கல் முடிவு' என்றார். மூலப்பொருளுக்கு இதுதான் மிக நெருக்கம், மறுக்கவில்லை. ஆனால் தாங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். மிஞ்சிப்போனால் மனத்தாங்கல். 'விண்டோஸ் தாங்கல் முடிவு' என்றால் யாரோ ஏரியைத் தூர்த்து பிளாட் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன்.

ஆக, என் கட்சி 'பராமரிப்பு'. காரணம் எளிது, அந்தச் சொல்லோடு நமக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும் ஏசிக்கும் வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம். அது முடிந்த மறுநாள் ஏசி நின்றுபோகிறதா என்ன? ஓடும். பழுது வந்தால் அவன் ஆள் வரமாட்டான், நம் பாடு. 'விண்டோஸ் 10 இலவசப் பராமரிப்பு நிறுத்தம்' என்று தலைப்புப் போட்டிருந்தால் ஐயா பிளக்கைப் பிடுங்கியிருக்கமாட்டார். இன்னொன்றும் இருக்கிறது, பராமரிப்பு என்றால் நம் பங்கும் உண்டு என்பது சொல்லாமலே புரிகிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம்பறிக்கும் நச்சுநிரல் உலகைச் சுற்றி வந்து, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் கணினிகளை முடக்கியது நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான், அனுப்பிய அடைப்பை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. பராமரிப்பு நின்று மூன்று வருடமாகியிருந்த எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகு அவசரமாக ஒன்றை வெளியிட்டார்கள். அப்படி மனமிரங்கி எப்போதும் தருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

'பராமரிப்பும் வடமொழிதானே, ஆதரவைத் தள்ளிவிட்டு இன்னொரு வடசொல்லையா கொண்டுவருகிறாய்?' என்று கேட்பார்கள். உண்மைதான். தூய்மை எனக்கு இரண்டாம்பட்சம், படிப்பவருக்கு என்ன புரிகிறது என்பதுதான் முதல். தனித்தமிழ் வேண்டுமென்றால் 'பேணல்' தயாராக இருக்கிறது. தந்தை தாய்ப் பேண் என்று ஆத்திசூடியிலேயே படித்த சொல், இலங்கையில் 'சுகாதாரம் பேணல்' என்று சாதாரணமாக எழுதுகிறார்கள். (அவர்கள் இயங்குதளத்தைப் பாடநூலில் 'பணிசெயல் முறைமை' என்கிறார்கள், அது வேறு சண்டை, இன்றைக்கு வேண்டாம்.) தமிழ்நாட்டில் பேணல் இன்னும் புத்தகத்தைவிட்டு அவ்வளவாக இறங்கி வரவில்லை, இறங்கினால் சந்தோஷம்.

உண்மையைச் சொன்னால், இந்த விவகாரத்தில் மொழிபெயர்ப்பாளர்களைவிடக் கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். போன் கடையில் பையன் 'ஏழு ஆண்டு ஆதரவு' என்றா சொல்கிறான்? "ஏழு வருஷம் அப்டேட் வரும் சார்" என்கிறான். கணினிக் கடையில் "இதுல லெவன் ஏறாது சார்" என்கிறார்கள். 'ஏறாது' என்ற ஒற்றைச் சொல் முன் 'ஆதரிக்கப்படாத வன்பொருள்' என்பதை வைத்துப் பாருங்கள். அகராதியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் பொருளை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள், ஒரு மணி நேரம் கடைவாசலில் நின்று காதைக் கொடுத்தால் போதும். அதே ஆட்கள்தான் திருத்தங்களுக்கு 'இற்றைப்படுத்தல்' என்கிறார்கள். 'இற்றை' பழைய, நல்ல சொல்தான், இன்றைக்குரியது என்று பொருள். ஆனால் எங்கள் வீட்டில் இற்றுப்போவது கயிறும் கதர் வேட்டியும். அப்டேட் என்றே எழுதினாலும் குற்றமில்லை.

சரி, ஐயாவின் பெட்டிக்கு வருவோம். துண்டை எடுத்து, தூசி தட்டி, ஆன் செய்தோம். முதல் வேலையாகப் பேத்தி படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தேன், பராமரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை அது. அடுத்து, 11 ஏறுமா என்று பார்த்தோம். ஏறவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போதே நச்சுநிரல் நுழையாமல் காக்கும் செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான செயலி, எல்லாம் வேண்டும். இவருடையது ஆறாம் தலைமுறை. ஏறுகிற கணினி என்றால் யோசிக்கவே வேண்டாம், காசில்லாமல் 11க்குப் போய்விடலாம். குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் வயதானவர்களின் கணினியைக் கொடுக்காதீர்கள், நாளைக்கு ஏதாவது அப்டேட்டில் மக்கர் செய்தால் ஐயா என் வாசலில்தான் நிற்பார்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாமா என்று கேட்டேன். அதன் வகைகளான மின்ட், உபுண்டு இரண்டும் பழைய பெட்டியில் நன்றாக ஓடும், உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுப் பராமரிப்பும் உண்டு. பிரவுசரும் யூடியூபும் மட்டும் பார்க்கிறவருக்கு இதுவே சரி. ஆனால் ஐயாவின் பழைய தட்டச்சுக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய ஏதோ எழுத்துருவில், ஒரு பழைய மென்பொருளில் கிடக்கின்றன. அவற்றை மாற்ற அவகாசம் வேண்டும். அதனால் ஓராண்டுத் திருத்தத் திட்டத்தில் பதிந்துவிட்டேன். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அவர்கள் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், வைக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையென்றால் 1000 மைக்ரோசாஃப்ட் வெகுமதிப் புள்ளிகள், அல்லது 30 டாலர். ஐயா சம்மதித்தார், "நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு" என்று.

இரண்டு நாள் கழித்துப் போனபோது பெட்டியின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், கரும்பலகை எழுத்தில்: 'பேணல் 13.10.2026 வரை.' நான் பராமரிப்பு என்றுதானே சொன்னேன் என்று கேட்டதற்கு, "திருத்தம் போட்டிருக்கேன் தம்பி" என்றார்.