பரவலாக்கப்பட்ட தரவுத்தளமா, மையமில்லாத் தரவுத்தளமா?

கிருஷ்ணகிரியில் மா விவசாயிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. காயின் எடை, விலை, மண்டி பாக்கி எல்லாமே இனி 'பரவலாக்கப்பட்ட தரவுத்தளத்தில்' இருக்கும் என்றார் வகுப்பெடுத்தவர். என் பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்தார்: "ஏங்க சார், பரவலாக்கிட்டா என் பாக்கி ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுங்களா?"

பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் நோய் பரவும், தீ பரவும், சேதி பரவும். பரவியதை யாரும் பூட்டி வைக்க முடியாது. பூட்டி வைக்க வேண்டிய கணக்குக்கு இப்படி ஒரு பெயர்!

ஆங்கிலச் சொல் 'டீசென்ட்ரலைஸ்டு'. அதன் உள்ளே இருப்பது கிரேக்க 'கென்ட்ரான்': தாற்றுக்கோல், கூர்முனை, பிறகு வட்டத்தின் நடுப்புள்ளி. அந்த நடுவை எடுத்துவிடுவதுதான் பொருள். பரவுவது என்ற கருத்தே அதில் இல்லை.

'பரவலாக்கம்' பஞ்சாயத்துப் பேச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது 'அதிகாரப் பரவலாக்கம்' என்கிறோம். அங்கே பரவுவது அதிகாரம், அதனால் பொருந்துகிறது. கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் அதிகாரத்தை உதிர்த்துவிட்டுப் பரவலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதைவிட மோசம், 'டிஸ்ட்ரிபியூட்டடு' (பல இடங்களில் பிரித்து வைத்தது) என்பதற்கும் அதே சொல். 1964இலேயே தொடர்பு வலையமைப்புகளை ஆராய்ந்த பொறியாளர் பால் பேரன் இவை இரண்டையும் தனித்தனிப் படமாக வரைந்து காட்டிவிட்டார். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் இடது, வலது கால்வாய்களில் எத்தனையோ வயலுக்குப் போகிறது. ஷட்டரைத் திறக்கும் முடிவு ஒரே இடத்தில். இதற்குப் 'பரவல் தரவுத்தளம்' சரி. ஊருக்கு ஓர் ஏரி, அதன் மடையைத் திறப்பது அந்தந்த ஊர் என்றால் கதை வேறு. அதற்கு 'மையமில்லாத் தரவுத்தளம்' என்பதே என் முடிவு.

பல மையங்கள் இருக்கலாமே, 'பன்மையம்' என்போம் என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எழுதிப் பாருங்கள்: 'பன்மையத் தரவுத்தளம்'. கண் 'பன்மை' என்றுதான் படிக்கும், இலக்கண வகுப்பு நினைவுக்கு வரும். 'மையமில்லா' என்றால் எல்லாரையும் ஆளும் ஒரு நடு இல்லை என்பது உடனே புரிகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கேட்டாலே இந்தக் குழப்பம் வராது.

அப்புறம் 'அணுகல் உரிமை': தரவை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதிக்கு வழங்கும் சொல். அணுகுவது என்றால் கிட்டே போவது. மையமில்லாத் தரவுத்தளத்தில் பக்கத்து ஊர்க் கணினியிலும் பெரியவரின் கணக்கு நகலாக இருக்கலாம்; அதை மறையாக்கி (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்திருந்தால் கிட்டே இருந்தும் படிக்க முடியாது, சாவி பெரியவரிடம். மண்டிக்காரருக்குச் சாவி கொடுத்தால் அவர் படிப்பார். பிறகு வேண்டாம் என்றால் புதிய பதிவுகளுக்குச் சாவியை மாற்றலாம். ஏற்கெனவே படித்ததைத் திரும்ப வாங்க முடியாது. படிப்பதற்கு ஒரு அனுமதி, திருத்துவதற்கு வேறு அனுமதி. ஆகவே 'பார்க்கும் உரிமை', 'திருத்தும் உரிமை' என்றே எழுதலாம். தேநீர் இடைவேளையில் பெரியவரிடம் இந்த இரண்டு சொற்களைத்தான் சொன்னேன். "திருத்துற உரிமை மண்டிக்காரருக்கு வேணாங்க" என்றார்.