பட்டை கூட்டினால் துள்ளல் அடங்குமா?

பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி கொண்டுபோகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பழைய வேனுக்குப் பின்பக்கம் இரண்டு புறமும் ஒவ்வொரு பட்டை கூட்டினேன். சுமை தாங்குகிறது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் வளைவுகளில் முன்பைவிட அதிகம் துள்ளுகிறது. ஏன்?"

பட்டை என்பது அச்சுக்கும் வண்டிக்கும் இடையே அடுக்கியிருக்கும் வளைந்த எஃகுத் தகடு; அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். வாங்கிய ஆற்றலில் சிறிதளவு பட்டைகளுக்கிடையே உராய்வில் கரையும்; மீதியை அப்படியே திருப்பித் தந்துவிடும். விறைப்பு ஒன்றரை மடங்கானால் வண்டி மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் சுமார் 22 சதவீதம் கூடும் என்பது பள்ளிப் பாடம். அந்த ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருந்தால், அந்த விறைப்புக்கு எதிரே அதன் அடக்கும் திறன் சுமார் 18 சதவீதம் குறைந்ததற்குச் சமம். தக்காளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, சக்கரத்தை அழுத்தச் சுமை இல்லாததால், பிடிமானம் இன்னும் மோசம். துள்ளும் சக்கரம் சாலையை அழுத்துவதில்லை. அழுத்தாத சக்கரத்துக்கு வளைவில் பிடிமானமும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இந்த ஷாக் அப்சார்பர். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு பாய வேண்டும். வெறும் துளை மட்டும் இருந்தால் ஒரு சிக்கல்: பிஸ்டனின் வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். பெரிய பள்ளத்தில் குழாய் கல்லாகிவிடும். அதனால் துளைகளின்மேல் தாள்போல் மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மெதுவான அசைவில் அவை மூடியே இருக்கும். எண்ணெய் ஒரு சிறு இடுக்கு வழியே மட்டும் கசியும். திடீர் அடி விழுந்தால் தகடுகள் வளைந்து வழிவிடும். சக்கரம் மேலே ஏறும்போது தடை குறைவாகவும், ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போது அதிகமாகவும் இருக்கும்படி இரு பக்கமும் வேறு வேறு அடுக்குகள். மின்சாரமோ கணினியோ இல்லாமல், சில எஃகு வட்டங்களே இத்தனையையும் தீர்மானிக்கின்றன!

அடக்கிய ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாகிறது. ஒரு சக்கரத்தின்மேல் உள்ள 300 கிலோ 5 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 147 ஜூல். கால் லிட்டர் எண்ணெயை அது மூன்றில் ஒரு டிகிரி சூடாக்கும். ஒரு பள்ளத்துக்கு அவ்வளவு என்றால், மலைப்பாதை முழுக்க எண்ணிப் பாருங்கள்.

பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்ச் சேர்ந்ததும், என் வேனின் அடியில் குனிந்து நான்கு குழாய்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்று சுட்டன. பின் இடப்பக்கம் மட்டும் காலையில் புறப்பட்டபோது இருந்ததுபோலவே குளிர்ந்து கிடந்தது. எண்ணெய் ஒழுகிக் காய்ந்து, அதன்மேல் செம்மண் படிந்திருந்தது. வழியெல்லாம் அது ஒரு வேலையும் செய்யவில்லை.

ஆயுதபூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விபத்துக்குக் கண்ணேறுதான் காரணம் என்று ஒருவர் சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது; குளிர்ந்த குழாயை யாரும் தேடுவதில்லை. ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்திலும், நெடுக அறுத்துத் திறந்த ஒரு ஷாக் அப்சார்பர் மேசைமேல் இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

வாசகருக்கு: கூட்டிய பட்டையைக் கழற்றிவிடுங்கள். சுமைக்கு அது கட்டாயம் வேண்டுமென்றால், அந்த விறைப்புக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரைப் பின்பக்கம் இரண்டிலும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதியதென்றால் இரு பக்கமும் ஒரே சீராக அடங்காது. அதற்கு முன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் டயர் காற்றையும் பாருங்கள். வளைவில் வண்டி சாய்வது அதிகமென்றால், இடவலச் சக்கரங்களை இணைக்கும் எஃகுக் கம்பியான ஆன்ட்டி ரோல் பார் உதவும்: அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, 18 மில்லிமீட்டரை 20 ஆக்கினாலே பாதிக்கு மேல் கூடிவிடும். அடுத்த முறை தொப்பூர் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, சைலன்சர் பக்கம் கை படாமல், நான்கையும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.